உயர்தரம் முடிந்து கெம்பஸ் போகும்வரை தங்கச்சி எங்கே ஓடுவது?

ஒரு தம்பி கேட்டிருந்தார். தங்கச்சி தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். பாடசாலையில் 800 மீற்றர் ஓடி மத்திய மாகாண மட்டம் வரை போயிருக்கிறாள். உயர்தரம் எழுதிவிட்டாள், பேராதனை கிடைக்கும் போலிருக்கிறது. கெம்பஸில் விளையாட்டு எப்படி நடக்கும், படிப்பு கெடுமா, அதுவரை சும்மா இருந்தால் பரவாயில்லையா, ‘ஓடி என்ன கிடைக்கப்போகுது’ என்று கேட்கும் அம்மாவுக்கு என்ன சொல்வது? இவைதான் அவருடைய கேள்விகள்.

நானும் ஒரு தோட்டத்திலிருந்து போய்க் கெம்பஸ் அணிக்கு ஓடியவள்தான். இப்போது பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். மூன்றாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். மற்ற எல்லாமே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

சும்மா இருக்க விடாதீர்கள் தம்பி. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறமை இல்லாமல் போவதில்லை, வருடம் போய்விடுகிறது. பரீட்சை முடிந்து, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பதிவு முடிந்து கெம்பஸ் வாசலை மிதிப்பதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிடும். பாடசாலை இடாப்பிலிருந்து பெயர் எடுபட்டதும் கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை என்ற அந்த ஏணி அவளுக்கு இல்லை. கெம்பஸ் ஏணி இன்னும் வரவில்லை. இந்த நடுவில்தான் ஒருத்தி கொழும்பில் கடை வேலைக்குப் போகிறாள், இன்னொருத்தி ஹட்டனில் கம்பியூட்டர் கோர்ஸுக்குப் போகிறாள், இன்னொருத்தி வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்கிறாள். ஒன்றும் தப்பில்லை. ஆனால் கெம்பஸுக்குள் போகும்போது அவள் ‘முன்பு ஓடியவள்’ ஆகிவிடுகிறாள். விட்ட இடத்துக்குத் திரும்பி வருவதற்குள் முதலாம் வருடம் முடிந்துவிடும். அதற்குள் கொழும்பு, கண்டி நகரப் பாடசாலைகளிலிருந்து வந்த பிள்ளைகள் அணியில் இடம் பிடித்திருப்பார்கள்.

சரி, பாடசாலையும் இல்லை, கெம்பஸும் இல்லை என்றால் எங்கே ஓடுவது? இரண்டு வழி இருக்கிறது. இரண்டும் தொடங்குவது உங்கள் பிரதேச செயலகத்தில்தான், ஆனால் தோட்டப்பக்கம் பலருக்கு இது தெரியாது.

ஒன்று, தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் இளைஞர் விளையாட்டு விழா. இதில் ஓட அவள் ஓர் இளைஞர் கழகத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். 29 வயது வரைக்கும் சேரலாம். உங்கள் டிவிசனில் கழகம் இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாகப் பெயரளவில் ஒன்று இருக்கும், கிரிக்கெட் விளையாடும் பையன்கள்தான் அதை நடத்திக்கொண்டிருப்பார்கள். பரவாயில்லை, பெயரைப் பதியுங்கள். பிரதேச மட்டம், மாவட்ட மட்டம், பிறகு தேசிய மட்டம் என்று அது மேலே போகும். மற்றது, விளையாட்டு அமைச்சு நடத்தும் தேசிய விளையாட்டு விழா. அதற்கும் பிரதேச மட்டத்தில்தான் முதல் போட்டி. பிறகு மாவட்டம், மாகாணம், அப்புறம் நாடு. அதற்கு விளையாட்டு உத்தியோகத்தரைப் பார்க்க வேண்டும், முதலாவதற்கு இளைஞர் சேவை அதிகாரியை. இருவரும் வேறு வேறு ஆட்கள். ஒருவரிடம் போய் மற்றவருடைய போட்டியைக் கேட்டுவிட்டு ‘அப்படியொன்றும் இல்லையாம்’ என்று திரும்பி வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

பிரதேச மட்டத்தில் பெண்கள் 800 மீற்றருக்கு இரண்டு மூன்று பேர்தான் வந்து நிற்பார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை. அதைப் பார்த்து அவள் சிரிக்கக்கூடாது. அந்த இரண்டு பேரை வென்றால்தான் மாவட்டத்துக்குப் போகலாம். மாவட்டத்துக்குப் போனால்தான் இராணுவ, பொலிஸ் கழகங்களில் பயிற்சி எடுக்கும் அக்காமாருடன் ஒரே கோட்டில் நிற்கக் கிடைக்கும். பாடசாலைப் பிள்ளைகளோடு மட்டும் ஓடி வளர்ந்தவளுக்கு முதல் தடவை அது அதிர்ச்சியாகத்தான் இருக்கும். கெம்பஸுக்குப் போவதற்கு முன்பே அந்த அதிர்ச்சி வந்து போய்விட்டால் நல்லது.

இனிக் கெம்பஸ். பேராதனையில் 9 பீடங்கள். முதலில் புதுமுக மாணவர்களுக்கான போட்டி வரும், பிறகு பீடங்களுக்கிடையிலான போட்டி. உடற்கல்வி அலகின் பயிற்றுநர்கள் அங்கேதான் ஆட்களைப் பொறுக்குவார்கள். அதற்கு மேலே பல்கலைக்கழகங்களுக்கிடையிலான சம்பியன்ஷிப். சில வருடங்களுக்கு ஒருமுறை எல்லாப் பல்கலைக்கழகங்களும் கூடும் இலங்கைப் பல்கலைக்கழக விளையாட்டு விழாவும் இருக்கிறது. அது வரும் வருடத்தில் கெம்பஸ் முழுக்கத் திருவிழாக் களைதான். மெய்வல்லுநர் மட்டுமில்லை, வலைப்பந்து, கரப்பந்து, எல்லே, கரம், சதுரங்கம், பளுதூக்கல், படகோட்டம் என்று பட்டியல் நீளம். பாடசாலையில் ஒரு விளையாட்டும் தொடாமல் வந்து, கெம்பஸில் படகோட்டமோ பளுதூக்கலோ தொடங்கி வர்ண விருது (விளையாட்டில் சிறந்தவர்களுக்குக் கொடுக்கும் கௌரவம்) வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆட்கள் குறைவான விளையாட்டில் முந்திக்கொள்வதும் ஒரு கெட்டித்தனம்தான்.

முக்கியமான ஒன்று. கெம்பஸ் ஏணியில் மாகாணம் என்ற படியே இல்லை, பல்கலைக்கழகம் பல்கலைக்கழகத்தோடு நேரே மோதும். ஆனால் மாகாணத்துக்கு ஓடும் வழி பிரதேச செயலகத்தின் ஊடாக அவளுக்கு அப்போதும் திறந்தே இருக்கும். ஆகவே ஒரே வருடத்தில் கெம்பஸ் ஜேர்சியும் போடலாம், மத்திய மாகாண ஜேர்சியும் போடலாம். நான் சொன்ன இடைவெளி வருடத்தில் அவள் அந்த வழியில் கால் வைத்திருந்தால், கெம்பஸ் போன பிறகு புதிதாக யாரிடமும் போய் நிற்கத் தேவையில்லை. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ கிடைத்தாலும் கதை இதுதான். 

மலையில் பிறந்தவர்களுக்கு நெஞ்சுரம் தானாக வரும், உயரத்தில் ஓடினால் இரத்தம் கூடும் என்றெல்லாம் ஊரில் சொல்வார்கள். பாதி உண்மை. உயரத்தால் இரத்தத்தில் சிவப்பணு கூடுவது கிட்டத்தட்ட 2,000 மீற்றருக்கு மேலேதான் நன்றாகத் தெரியும். கென்யாவின் பேர்போன இட்டென் ஊர் 2,400 மீற்றர் உயரம். நுவரெலியாவே 1,868 மீற்றர்தான், ஹட்டன் 1,300க்கும் கீழே. நம் பிள்ளைகளின் பலம் காற்றிலிருந்து வந்ததில்லை, தினம் தினம் பள்ளிக்கு ஏறி இறங்கிய கால்களிலிருந்து வந்தது. ஹட்டன் பக்கத்திலிருந்து போய் இராணுவத்துக்காக ஓடும் குமார் சண்முகேஸ்வரன் 10,000 மீற்றரில் தேசிய மட்டத்தில் பெயர் பதித்திருக்கிறார். நெடுந்தூரத்தில் நம்மவர்கள் தலைகாட்டுவதற்குக் காரணம் அந்தக் கால்கள்தான்.

அதே மலை நமக்கு எதிராகவும் நிற்கும். 400 மீற்றர் தடமொன்று போட ஏறக்குறைய 177 மீற்றர் நீளம், 93 மீற்றர் அகலம் மட்டமான நிலம் வேண்டும். தோட்டப் பாடசாலைக்கு அந்த நிலம் எங்கே? 200 மீற்றர் தடம் இருந்தாலே பெரிய காரியம், அதிலும் ஒரு மூலை சரிந்திருக்கும். அந்தத் தடத்தில் 800 மீற்றர் என்றால் நான்கு சுற்று, எட்டு வளைவு. பிள்ளை சுற்றை எண்ணி ஓடப் பழகிவிடுகிறாள். பெரிய தடத்தில் இரண்டே சுற்று என்றதும் தன் வேகம் எவ்வளவு என்று தெரியாமல் முதல் சுற்றில் பறந்து, கடைசி 200இல் கால் கல்லாகி நிற்பாள்.

இதற்கு மருந்து ஒரு கைக்கடிகாரமும் அளந்த 200 மீற்றரும்தான். அளவு நாடா இல்லாவிட்டால் பாடசாலையில் கேளுங்கள், போட்டிக் காலம் முடிந்ததும் அது அலுமாரியில்தான் கிடக்கும். தோட்டத்துத் தார் ரோட்டில் மட்டமான துண்டொன்றைப் பிடித்து இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். அவள் 2 நிமிடம் 24 செக்கனில் 800 ஓடுபவள் என்று வைப்போம். அப்படியானால் ஒவ்வொரு 200உம் 36 செக்கன். முதலில் கடிகாரத்தைப் பார்க்காமல் ஓடட்டும், முடித்ததும் ‘எத்தனை செக்கன் இருக்கும்?’ என்று கேளுங்கள், பிறகு கடிகாரத்தைக் காட்டுங்கள். தொடக்கத்தில் 32 ஓடிவிட்டு 36 என்பாள். சில கிழமையில் ஒரு செக்கன் வித்தியாசத்தில் சொல்ல ஆரம்பிப்பாள். அந்தக் கணக்கு உடம்பில் ஏறிவிட்டால் சுகததாச மைதானத்தில் விட்டாலும் தியகம மைதானத்தில் விட்டாலும் திக்குமுக்காட மாட்டாள்.

ஏற்றத்தில் ஓடுவது நல்லது, இறக்கத்தில் வேகமாக ஓடுவது வேண்டாம். 150 மீற்றர் ஏற்றத்தை வேகமாக ஏறி, நடந்து இறங்கி, மறுபடி ஏறட்டும். முழங்காலும் கணைக்கால் எலும்பும் நோவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். விடியற்காலை நாலரை ஐந்துக்குத் தனியே ஓட அனுப்பவே வேண்டாம். கொழுந்து மலைப்பக்கம் சிறுத்தை நடமாட்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நாய்த் தொல்லை வேறு. வெளிச்சம் வந்த பிறகு போகட்டும், நீங்களோ வீட்டில் வேறு யாராவதோ சைக்கிளில் பின்னால் போங்கள். மே, ஜூன் மாதங்களில் நம் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் கிரவுண்ட் சேறாகிவிடும். அப்போது ரோட்டில் மெதுவான நீள ஓட்டம், பாடசாலைப் படிக்கட்டில் ஏறி இறங்கும் பயிற்சி. அது போதும்.

சூட்டைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. தலவாக்கலைக் குளிரில் பழகிய உடம்பைக் கொழும்பில் மதியம் ஒரு மணிக்குத் தடத்தில் நிறுத்தினால், ஓட முன்பே பாதி சக்தி போய்விடும். உடம்பு சூட்டுக்குப் பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும், முதல் நாள் இரவு போய் இறங்கி ஒன்றும் ஆகாது. நம்மால் செய்யக்கூடியது, போட்டிக்கு இரண்டு கிழமை முன்னிருந்து மெதுவான ஓட்டங்களைப் பகலில், மேலே ஒரு கனமான ஜேர்சி போட்டுக்கொண்டு ஓடுவது. தண்ணீர்ப் போத்தல் கையில் இருக்க வேண்டும், தலை சுற்றினால் உடனே நிறுத்த வேண்டும். பேராதனை ஏறக்குறைய 500 மீற்றர் உயரம்தான், அங்கே போய்விட்டால் இந்தப் பிரச்சினையில் பாதி தானாகத் தீரும்.

சப்பாத்து. ஆணிச் சப்பாத்து வாங்கப் பணம் சேர்ப்பதற்கு முன் நல்ல ஓட்டச் சப்பாத்து ஒன்று வாங்குங்கள், வருடம் முழுக்கக் காலில் இருப்பது அதுதான். ஆணிச் சப்பாத்து இரவல் கிடைத்தாலும் சரி. ஆனால் செயற்கைத் தடத்தில் ஓட்டத்துக்கு 9 மில்லிமீற்றருக்கு மேல் நீளமான ஆணி விடமாட்டார்கள். புல் தடத்துக்குப் போட்ட நீள ஆணியோடு போய், ஓட முன் ஆட்களைக் கூட்டிச் சோதிக்கும் அழைப்பறையில் மாட்டிக்கொண்டு வெறுங்காலில் ஓடிய பிள்ளைகள் உண்டு. ஆணி கழற்றும் சாவியையும் குட்டை ஆணிகளையும் பையிலேயே வைத்திருக்கட்டும்.

அழைப்பறை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரு மாகாணப் போட்டியில் கண்டது. நம் பக்கத்துப் பிள்ளையொன்று, காலையில் பஸ்ஸில் வந்த களைப்பில், பார்வையாளர் படிக்கட்டுக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் அவளுடைய போட்டிக்கு மூன்று தடவை அழைத்தார்கள், மூன்றும் சிங்களத்தில். ரொட்டியை முடித்து, கையைத் துடைத்து, இலக்கத்தை ஊசி குத்திக்கொண்டு வந்தபோது அவளுடைய ஆட்கள் கோட்டில் நின்றிருந்தார்கள். ஓட விடவில்லை. சட்டப்படி அதிகாரிகள் செய்தது சரிதான். தமிழிலும் அறிவியுங்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது, கேட்கவும் வேண்டும். ஆனால் கேட்டு அது நடக்கும்வரை பிள்ளை தோற்க முடியாதே. ஆகவே போட்டி நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும், முக்கால் மணித்தியாலத்துக்கு முன்பே அழைப்பறைக்குப் பக்கத்தில் போய் உடம்பைச் சூடாக்கட்டும். தன் போட்டியின் பெயரையும் தன் இலக்கத்தையும் சிங்களத்தில் கேட்டால் விளங்குமளவுக்குப் பழகிக்கொள்ளட்டும். கெம்பஸில் பயிற்சியும் பெரும்பாலும் கலப்பு மொழியில்தான் நடக்கும், இப்போதே பழகினால் அங்கே கூச்சமில்லை.

சாப்பாட்டுக்குத் தனிச் செலவு தேவையில்லை. பவுடர் டின் எதுவும் வாங்க வேண்டாம், அந்தக் காசுக்கு முட்டையும் நெத்தலிக் கருவாடும் வாங்கலாம். பயறு, கடலை, பருப்பு, கீரை வீட்டில் எப்படியும் இருக்கும். ஆனால் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, அதே வாயோடு சாயம் கூடின தேத்தண்ணி குடிப்பது நம் வீட்டு வழக்கம். பருப்பு, கீரையில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுக்க விடாமல் தேயிலை தடுக்கும். ஓடுகிற பெண் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமில்லை. தேத்தண்ணியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணித்தியாலமாவது தள்ளி வையுங்கள், சாப்பாட்டோடு தேசிக்காயோ கொய்யாவோ இருந்தால் இன்னும் நல்லது. காரணமில்லாமல் நேரம் கூடிக்கொண்டே போகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றால் ‘சோம்பல்’ என்று ஏசாமல் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதியுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் முதலில் டொக்டரைத்தான் பார்க்க வேண்டும், பயிற்சி பிறகு.

படிப்பு கெடுமா? கெடலாம், கெடாமலும் இருக்கலாம், பீடத்தைப் பொறுத்தது. பெரும்பாலும் 80 வீத வரவு கேட்பார்கள். பல்கலைக்கழகத்துக்காகப் போட்டிக்குப் போகும் நாட்களுக்கு உடற்கல்வி அலகில் கடிதம் வாங்கி, போவதற்கு முன்பே பீடத்தில் கொடுத்துவிட வேண்டும். போய் வந்து கொடுத்தால் அலைச்சல்தான். பயிற்சி பின்னேரத்தில் நடக்கும். ஆய்வுகூட வேலை உள்ள பீடங்களில் அந்த நேரம் இடிக்கும். கலை, முகாமைத்துவம் படிப்பவர்களுக்கு அவ்வளவு சிரமமில்லை. முதல் சில மாதங்களில் பகிடிவதைத் தொல்லையால் கிரவுண்ட் பக்கமே போக முடியாமல் போகும் பிள்ளைகளும் உண்டு. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், முறையிட இடமிருக்கிறது. கெம்பஸ் தொடங்கிய முதல் கிழமையிலேயே உடற்கல்வி அலகுக்குப் போய் மாகாணச் சான்றிதழைக் காட்டிப் பெயரைக் கொடுக்கச் சொல்லுங்கள். அங்கே அவளைத் தெரிந்த ஒரு பயிற்றுநர் இருப்பதே ஒரு பாதுகாப்பு.

கடைசியாக அம்மாவின் கேள்வி. இங்கே பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு விருப்பமில்லை. எல்லாரும் முரளியைச் சொல்வார்கள். முத்தையா முரளிதரன் படித்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில், கண்டியில் அவர் அப்பா பிஸ்கட் தொழில் செய்தவர். லயன் வீட்டுப் பிள்ளைக்கு அது அளவுகோலில்லை. எனக்குப் பிடித்த உதாரணம் தருஷி கருணாரத்ன. கண்டி மாவட்டத்தில் வலல என்ற ஊரில் ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே, 2023இல் பாங்கொக்கில் நடந்த ஆசிய மெய்வல்லுநர் சம்பியன்ஷிப்பில் 800 மீற்றரை 2 நிமிடம் 00.66 செக்கனில் ஓடித் தங்கம் எடுத்தார். அதே வருடம் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் அதே போட்டியில் மறுபடியும் தங்கம். நகரத்துப் பெரிய பாடசாலை இல்லை அது. விடாமல் பயிற்சி கொடுத்த ஒரு பயிற்றுநரும் விடாமல் ஓடிய பிள்ளைகளும் இருந்தார்கள். எல்லாரும் தருஷி ஆக முடியாது, அதையும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

பணமாகப் பார்த்தால் ஓட்டத்தில் மாதச் சம்பளம் கிடையாது, இராணுவத்திலோ பொலிஸிலோ விளையாட்டுப் பிரிவில் சேர்ந்தால் தவிர. ஆனால் கெம்பஸ் அணிக்கு ஓடியவள், வர்ண விருது வாங்கியவள் என்பது நேர்முகப் பரீட்சைகளில் எடுபடும். உடற்கல்வி ஆசிரியர் வேலைக்குப் போக நினைத்தால் அது இன்னும் கனம். சப்ரகமுவ, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகங்களில் விளையாட்டு விஞ்ஞானம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. தங்கச்சிக்கு ஆசை இருந்தால் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தெரிவு வரிசை போடும்போதே யோசியுங்கள், பிறகு மாற்றுவது கஷ்டம். தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்கு விசேட அனுமதியும் உண்டு. மாகாண மட்டம் அதற்குப் போதாது, ஆனால் அகில இலங்கைச் சான்றிதழ் கையில் இருக்கும் பிள்ளை வேறு யாராவது உங்கள் பக்கம் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

சான்றிதழ்களை இப்போதே ஒழுங்குபடுத்துங்கள். மாகாணச் சான்றிதழ் இன்னும் வலயக் கல்விக் காரியாலயத்திலோ பாடசாலையிலோ கிடந்தால் போய் எடுங்கள், அதிபர் மாறினால் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். லமினேட் செய்ய வேண்டாம், உறுதிப்படுத்திய பிரதிகள் இரண்டு மூன்று எடுத்துவையுங்கள். பிரதேச செயலகத்துக்குப் போகும்போது அதில் ஒன்றையும் அடையாள அட்டைப் பிரதியையும் கொண்டுபோங்கள். விளையாட்டு உத்தியோகத்தர் எந்த நாளில் கந்தோரில் இருப்பார் என்று முதலில் போன் பண்ணிக் கேளுங்கள், போட்டிக் காலத்தில் அவர் பெரும்பாலும் ஏதாவது ஒரு கிரவுண்டில்தான் நிற்பார்.